கோபுரம் சாய்ந்த பிறகும் வேலை செய்ய வேண்டும்: ஹாம் வானொலி நிலையத்துக்கு எந்த மென்பொருள்?

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிப் போட்டது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வடக்கு கிழக்குக் கரையோரத்தைத் துடைத்துச் சென்றது. இரண்டு நாட்களிலும் மக்கள் முதலில் இழந்தவற்றில் ஒன்று தகவல் தொடர்பு. யார் தப்பினார்கள், எந்தப் பாடசாலையில் எத்தனை குடும்பங்கள் தங்கியிருக்கின்றன, எங்கே மருந்து இல்லை என்ற விபரங்கள் பாதிக்கப்பட்ட ஊரைத் தாண்டிப் போகவே நேரம் எடுத்தது.

இன்று எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. ஆனால் அந்தத் தொலைபேசி ஒரு கோபுரத்தை நம்பியிருக்கிறது, கோபுரம் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. அதற்கு வெள்ளமோ காற்றோ தேவைப்படவில்லை.

கோபுரமும் இணையமும் இல்லாமல் ஒரு ஊர் இன்னொரு ஊரோடு பேசக்கூடிய வழிகளில் ஒன்று அமெச்சூர் வானொலி. பேச்சு வழக்கில் ஹாம் வானொலி. ஆழிப்பேரலைக்குப் பின்னர் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலை வழியாகத் தகவல் அனுப்பியவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த இந்தப் பொழுதுபோக்காளர்களே. அதே நாட்களில், வேறு நோக்கத்துக்காக அந்தமானின் போர்ட் பிளேயருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத்தின் குழுவினர், அங்கிருந்து வெளியுலகுக்குச் செய்தி கொண்டுசென்றார்கள்.

இந்தத் துறைக்குள் வர விரும்பும் இளையோர் முதலில் எந்தக் கருவியை வாங்குவது என்று கேட்பார்கள். அடுத்து, கணினியில் எந்த மென்பொருளைப் போடுவது என்று கேட்பார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்விக்கு. இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். அழகான திரையும் நிறையப் பொத்தான்களும் உள்ளதையே மனம் நாடும். எங்கள் நிலைமைக்கு அளவுகோல் வேறு: மின்சாரமும் இணையமும் நின்ற மூன்றாம் நாள் அது வேலை செய்யுமா?

முதலில் அனுமதிப்பத்திரம்

மென்பொருளுக்கு முன் சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அலைபரப்பும் கருவியை இயக்க முடியாது. அமெச்சூர் வானொலிக்குப் பரீட்சை உண்டு. சித்தியடைந்தவருக்கு '4எஸ்' என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அதுவே வானலையில் அவருடைய பெயர்.

எங்கள் பகுதிகளில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டில் ஒரு வோக்கி டோக்கி இருப்பது என்ன விளைவைக் கொண்டுவரும் என்பதைப் போர்க்காலத்தில் வாழ்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. பிள்ளை ஒரு அன்ரனாவைக் கூரையில் கட்டினால் பெற்றோர் பயப்படுவது இயல்பு. அந்தப் பயத்துக்குப் பதில் ஒழுங்கான காகிதம்தான். கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முன்பே ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மலிவான சீனக் கைக்கருவிகளைக் கணினியோடு இணைத்து அலைவரிசைகளைப் பதிவதற்கு 'சேர்ப்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல மென்பொருள்தான். ஆனால் அது எந்த மீடிறனைக் கொடுத்தாலும் எழுதிவிடும். பொலிஸாருக்கோ படையினருக்கோ உரிய மீடிறன் எது என்று அதற்குத் தெரியாது. உங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ள பட்டைகளைத் தவிர வேறெதையும் அதில் பதிய வேண்டாம்.

அனுமதி கிடைக்கும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இணைய வானொலி வாங்கி ஒன்று 2008 முதல் இயங்குகிறது. இணைய உலாவியில் திறந்து சிற்றலைப் பட்டைகளைக் கேட்கலாம். எந்த ஒலி எந்த முறைக்குரியது என்று காது பழகுவதற்கு அது போதும்.

கணினி அங்கே என்ன செய்கிறது?

வானொலிக் கருவி பேச்சை அனுப்பும். கணினி எழுத்தை ஒலியாக மாற்றிக் கருவியிடம் கொடுக்கும். மறுமுனையில் இன்னொரு கணினி அந்த ஒலியைத் திரும்ப எழுத்தாக்கும். பேச்சு இரைச்சலில் மூழ்கிப்போகும் வேளையிலும் எழுத்து போய்ச்சேரும். 5 வோட்ஸ் சக்திகூடப் பல வேளைகளில் போதும்.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 430 கிலோமீற்றர். 7 மெகாஹேர்ட்ஸ் பட்டையில், நிலத்துக்கு அதிக உயரமில்லாமல் கட்டிய ஒரு கம்பி அன்ரனா, அலையை ஏறக்குறைய செங்குத்தாக மேலே அனுப்பும். வளிமண்டலத்தின் மேலடுக்கு அதைத் திருப்பிக் கீழே தெளிக்கும். இப்படிச் சில நூறு கிலோமீற்றர் வட்டம் முழுவதையும் எட்டலாம். இரண்டு தென்னைமரங்களும் 20 மீற்றர் கம்பியும் இருந்தால் முல்லைத்தீவிலிருந்து கொழும்பையோ நுவரெலியாவையோ எட்டுவது சாத்தியம். இரவில் பட்டை தளர்ந்தால் 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்.

பிரபலமானது எப்போதும் பொருத்தமானதல்ல

புதிதாக வருபவர்கள் அதிகம் நிறுவும் மென்பொருள் டபிள்யூ.எஸ்.ஜே.ரி-எக்ஸ். இதைத் தொடங்கியவர் ஜோ டெய்லர். 1993இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற வானியலாளர். மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தது. 2017இல் இதில் வந்த எஃப்.ரி.8 என்ற முறை உலகம் முழுவதும் பரவிவிட்டது. காதுக்கே கேட்காத சமிக்ஞையையும் அது வாசித்துவிடும்.

ஆனால் எஃப்.ரி.8 உரையாடலுக்காகச் செய்யப்பட்டதல்ல. 15 வினாடிக்கு ஒரு தடவை அழைப்புக்குறி, இடக்குறியீடு, சமிக்ஞையின் பலம் ஆகியவற்றைப் பரிமாறுவதோடு அதன் வேலை முடிகிறது. சொந்தமாக எழுதக்கூடிய செய்தி 13 எழுத்துருக்களுக்கு மேல் போகாது. 'கர்ப்பிணிகள் நால்வர், படகு தேவை' என்ற ஒரு வரியை அதில் ஒரே தடவையில் அனுப்ப முடியாது. உங்கள் அன்ரனா எங்கெல்லாம் எட்டுகிறது என்று சோதிக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. அனர்த்தத்தில் செய்தி கொண்டுசெல்ல இது போதாது.

அதில் இன்னொரு சிக்கல், நேரம். இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். சாதாரண நாட்களில் கணினி இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். இணையம் நின்று சில நாட்கள் போனால் கடிகாரம் நழுவும், மென்பொருள் ஊமையாகும். அதைத் தவிர்க்க யூ.எஸ்.பியில் செருகும் சிறிய ஜி.பி.எஸ் வாங்கி ஒன்றை வைத்திருக்கலாம். செய்மதியிலிருந்து நேரம் கிடைக்கும். அதுவும் இல்லாவிட்டால் 5, 10, 15 மெகாஹேர்ட்ஸில் ஒலிக்கும் சீனாவின் பி.பி.எம் நேர நிலையத்தைக் கேட்டுக் கையால் சரிசெய்யலாம்.

செய்தி கொண்டுசெல்லும் மென்பொருள்கள்

செய்தியே நோக்கம் என்றால் மூன்று தெரிவுகள் உள்ளன.

முதலாவது ஜே.எஸ்.8 கோல். எஃப்.ரி.8இன் நுட்பத்தை எடுத்து, எழுதிப் பேசுவதற்காக மாற்றியமைத்தது. வழமையான வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 சொற்கள் போகும். மறுமுனையில் ஆள் இல்லாவிட்டாலும் செய்தியை அவருடைய கணினியில் விட்டுவைக்கலாம். நேரடியாக எட்டாத நிலையத்துக்கு நடுவிலுள்ள நிலையம் ஊடாகக் கடத்தலாம். நேர ஒழுங்கு இதற்கும் வேண்டும். ஆனால் கேட்கும் சமிக்ஞைகளை வைத்தே தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி இதில் உண்டு.

இரண்டாவது எஃப்.எல்.டிஜி. பி.எஸ்.கே.31, ஒலிவியா, மோர்ஸ் எனப் பல முறைகள் ஒரே மென்பொருளில் இருக்கின்றன. நேர ஒழுங்கு தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். கடிகாரம் தவறிய பழைய கணினியிலும் ஓடும். பி.எஸ்.கே.31 நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சொற்கள் அனுப்பும், ஆனால் பிழைதிருத்தம் கிடையாது. இரைச்சலில் எழுத்து உதிரும். ஒலிவியா மெதுவானது, மோசமான நிலைமையிலும் தாங்கும். இதனோடு எஃப்.எல்.எம்.எஸ்.ஜி என்ற துணை மென்பொருளையும் சேர்த்துக்கொண்டால், செய்திகளை ஒழுங்கான படிவமாக அனுப்பலாம். வந்த படிவம் முழுமையாக வந்ததா என்று அது சரிபார்த்துச் சொல்லும். 'அரிசி 50 மூடை' என்பது வழியில் '5 மூடை' ஆகிவிடக்கூடாது என்ற இடத்தில் அந்தச் சரிபார்ப்பு பெரிய விடயம்.

மூன்றாவது வின்லிங். சிற்றலை வழியாக மின்னஞ்சல் அனுப்பும் உலகளாவிய வலையமைப்பு. பாதிக்கப்பட்ட ஊரில் இணையம் இல்லாவிட்டாலும், தொலைவில் இணையமுள்ள நுழைவாயில் நிலையம் ஒன்றை எட்டினால் செய்தி சாதாரண மின்னஞ்சலாகப் போகும். நுழைவாயில் எட்டாவிட்டால் இரு நிலையங்கள் நேருக்கு நேர் பரிமாறும் முறையும் இருக்கிறது. விண்டோஸுக்கு வின்லிங் எக்ஸ்பிரஸ், லினக்ஸுக்குப் 'பற்' என்ற திறந்த மென்பொருள். வேகமான 'வாரா' முறைக்குக் கட்டணம் செலுத்தாவிட்டால் வேகம் மட்டுப்படுத்தப்படும். 'ஆர்டொப்' இலவசம், சற்று மெதுவானது. பழகத் தொடங்க ஆர்டொப் போதும்.

தமிழில் அனுப்பலாமா?

கேட்கப்பட வேண்டிய கேள்வி. இந்த முறைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டவை. எஃப்.ரி.8இலும் ஜே.எஸ்.8இலும் தமிழுக்கு இடமில்லை. எஃப்.எல்.டிஜி யுனிகோட் எழுத்துகளைக் கடத்தக்கூடியது, ஆனால் விலை கூட. 'முல்லைத்தீவு' என்ற சொல்லைக் கணினி 12 குறிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 3 பைற். மொத்தம் 36 பைற். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 10 பைற். அதோடு, மூன்றில் ஒரு பைற் வழியில் கெட்டாலும் அந்த எழுத்தே போய்விடும்.

நடைமுறையில் இரண்டு வழிகள். தமிழிலேயே போக வேண்டிய நீண்ட கடிதம் என்றால் வின்லிங்கில் மின்னஞ்சலாகவோ இணைப்பாகவோ அனுப்பலாம். அங்கே பிழை சரிபார்க்கப்படுகிறது. அவசரச் செய்திகளுக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதே வேகம். ஆனால் அதற்கு முன்கூட்டிய இணக்கம் வேண்டும். ஒருவர் எழுதும் 'வட்டுவாகல்' இன்னொருவருக்கு வேறாக வாசிக்கப்படலாம். உங்கள் பிரதேசத்திலுள்ள கிராம அலுவலர் பிரிவுகள், பாடசாலைகள், வைத்தியசாலைகள் ஆகியவற்றின் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் பட்டியலிட்டு, இரு முனைகளிலும் அச்சிட்டு வையுங்கள். இந்த வேலையை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது.

பதிவேடு உங்களுடையதாக இருக்கட்டும்

யாரோடு, எப்போது, எந்த மீடிறனில் தொடர்பு கொண்டீர்கள் என்ற பதிவேட்டை வைத்திருப்பது நல்ல பழக்கம். எங்கள் சூழலில் அது பாதுகாப்பும்கூட. யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு ஒழுங்கான பதிவு இருக்கும்.

இதற்கான மென்பொருள்கள் ஏராளம். விண்டோஸில் லொக்4ஓ.எம், லொகர்32. லினக்ஸில் சி.கியூ.ஆர்.லொக். எதை எடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: பதிவுகளை ஏ.டி.ஐ.எஃப் வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா? அது எல்லாப் பதிவேட்டு மென்பொருள்களும் புரிந்துகொள்ளும் பொதுவான கோப்பு வடிவம். அது இருந்தால் மென்பொருளை மாற்றினாலும் பதிவு உங்களோடு வரும். மாதம் ஒரு தடவை அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். இடம்பெயர்ந்து ஓடியபோது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்து, பிறகு வருடக்கணக்காக அலைந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இணையத்தில் மட்டுமே பதிவைச் சேமிக்கும் சேவைகளையும், ஒவ்வொரு தடவையும் இணையத்தில் அனுமதி சரிபார்த்துத் திறக்கும் மென்பொருள்களையும் முதன்மையாக நம்ப வேண்டாம். 2016இல் அமெரிக்காவில் கட்டண மென்பொருள் ஒன்றைப் பற்றிக் குறை எழுதிய வாடிக்கையாளரின் அழைப்புக்குறியை, அந்த நிறுவனத்தினர் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். அவர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் அவருடைய கணினியிலேயே இயங்க மறுத்தது. விடயம் வெளியே வந்து நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தூரத்திலிருந்து ஒருவர் நிறுத்தக்கூடிய மென்பொருள் எதுவும் அவசர காலத்துக்குரியதல்ல என்பதற்கு அந்தச் சம்பவம் போதும்.

எல்லோரும் கேட்கிறார்கள்

அமெச்சூர் வானொலியில் இரகசியம் இல்லை. பொருளை மறைக்கும் நோக்கோடு குறியாக்கம் செய்து வெளிநாட்டு நிலையங்களோடு தொடர்பு கொள்வதைச் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் தடைசெய்கின்றன. ஆகவே குரலைக் குழப்பி அனுப்பும் வசதிகளோ, கடவுச்சொல் போட்டுச் செய்தியை மூடும் வசதிகளோ உள்ள மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். சட்டத்துக்காக மட்டுமல்ல. எங்கள் மண்ணில் புரியாத சமிக்ஞை ஒன்று என்ன சந்தேகத்தை எழுப்பும் என்பது தெரிந்ததே.

இதிலிருந்து இன்னொரு கடமையும் வருகிறது. காணாமல் போனவரின் பெயர், பெண்கள் மட்டும் தங்கியிருக்கும் வீட்டின் விலாசம், ஒருவரின் நோய் விபரம் போன்றவற்றை வானலையில் சொல்ல முன் இருமுறை யோசிக்க வேண்டும். 'இலக்கம் 14 பதிவிலுள்ள நபர்' என்று குறிப்பிட்டு, பெயர்ப்பட்டியலைக் காகிதத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளோடு முன்பே பேசி வையுங்கள்.

மென்பொருளின் அமைப்புகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். கேட்ட நிலையங்களின் விபரத்தை உங்கள் இடக்குறியீட்டோடு இணையத்துக்கு அனுப்பும் வசதி டபிள்யூ.எஸ்.ஜே.ரி-எக்ஸ் போன்றவற்றில் உண்டு. விரும்பாவிட்டால் நிறுத்தலாம். நான்கு எழுத்துருக்கள் கொண்ட இடக்குறியீடு பெரிய சதுரம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே 'என்.ஜே.09' சதுரத்துக்குள் வரும். மட்டக்களப்பு 'என்.ஜே.07'. ஆறு எழுத்துருக்களாகக் கொடுத்தால் வட்டம் சில கிலோமீற்றருக்குச் சுருங்கும். அன்றாடத் தொடர்புக்கு நான்கு போதும்.

பழைய மடிக்கணினியே போதும்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபரில் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகள் மலிவாக விற்கப்படுகின்றன. வானொலி நிலையத்துக்கு அவை வரம். டெபியன் போன்ற லினக்ஸ் ஒன்றைப் போட்டால், மேலே சொன்னவற்றில் எஃப்.எல்.டிஜி, டபிள்யூ.எஸ்.ஜே.ரி-எக்ஸ் உட்படப் பல அதன் களஞ்சியத்திலேயே கிடைக்கும்.

கணினியையும் கருவியையும் இணைக்க இரண்டு வேண்டும்: ஒலிக்கு ஒரு யூ.எஸ்.பி ஒலி அட்டை, கட்டுப்பாட்டுக்கு ஒரு தொடர் கேபிள். கேபிளுக்குள் இருக்கும் சில்லு போலியானதாக இருந்தால் விண்டோஸின் இயக்கி அதை ஏற்க மறுக்கலாம். வாங்கும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் கருவியின் மாதிரி 'ஹாம்லிப்' என்ற திறந்த நிரல்தொகுப்பின் பட்டியலில் உள்ளதா என்றும் பாருங்கள். பல மென்பொருள்கள் கருவியோடு பேசுவது அதன் ஊடாகத்தான்.

மின்கணக்கையும் போட்டுப் பாருங்கள். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். அதாவது ஏறக்குறைய 600 வோட்-மணி. கேட்கும் நிலையில் கருவி 13 வோட்ஸ், மடிக்கணினி 30 வோட்ஸ் எடுத்தால் 14 மணிநேரம் ஓடும். மடிக்கணினிக்குப் பதில் ராஸ்பெரி பையும் சிறு திரையும் சேர்ந்து 15 வோட்ஸ் என்றால் 21 மணிநேரம். அலைபரப்பும்போது இது குறையும். கனமான, அலங்காரமான மென்பொருள் கணினியைக் கூடுதலாக வேலை வாங்கும். அது பற்றரியிலிருந்தே போகிறது.

ஒரு தொடக்கப் பொதி

எல்லாவற்றையும் சுருக்கினால் ஒரு நிலையத்துக்கு நான்கு போதும். ஊரிலிருந்து ஊருக்குச் செய்தி அனுப்ப எஃப்.எல்.டிஜியும் அதன் படிவத் துணையும். பலமில்லாத சமிக்ஞைக்கு ஜே.எஸ்.8 கோல். வெளியுலகுக்கு மின்னஞ்சல் அனுப்ப வின்லிங். ஏ.டி.ஐ.எஃப் தரும் ஏதாவது ஒரு பதிவேடு. நிறுவற்கோப்புகளையும் கையேடுகளையும் தரவிறக்கி ஒரு பென்டிரைவில் வைத்தால், கணினி பழுதானாலும் இன்னொன்றில் இணையமில்லாமலே நிறுவலாம்.

பிறகு பயிற்சி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரை நிறுத்துங்கள், பிரதான மின்சாரத்தை நிறுத்துங்கள், பற்றரியில் மட்டும் நிலையத்தை ஓட்டி இன்னொரு மாவட்டத்துக்கு ஒரு படிவம் அனுப்பிப் பாருங்கள். எது நின்றுபோகிறது என்று அப்போதுதான் தெரியும். வடகீழ் மழைக்கு முன்னர், ஒக்ரோபர் தொடங்கும்போதே செய்வது நல்லது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிவிட்டது என்ற அறிவித்தல் வந்த பிறகு புது மென்பொருள் பழக எவருக்கும் நேரம் இருக்காது.